கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட நாள்

கடந்த வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குச் சற்று முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் கேட்டது. ரொட்டிக்கு மாப் பிசைந்தபடி காது கொடுத்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாருடைய தாயார் என்று ஆண்களின் பெயர்களாக வந்துகொண்டிருந்தன. யாரென்று பிடிபடவில்லை. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு மறுபடியும் மாவில் கை வைத்தேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என் தங்கை பஸ்மிலா அழுத குரலில் கூப்பிட்டாள்: "ராத்தா, கேட்டயா? நம்மட பாமசி நஸீமா ராத்தாதான் மௌத்தாம்!"

அதன்பிறகு எனக்கு மாப் பிசைய முடியவில்லை.

நஸீமா ராத்தாவை ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு எங்கள் சந்தை வீதியின் சின்னப் பாமசியில் வேலை பார்த்தவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவர் பார்க்கும் பார்வைக்கு உங்களில் அநேகர் ஒரு தரமாவது பயந்திருப்பீர்கள்.

ஒரு நாள் நான் அங்கே நின்றபோது கடலுக்குப் போகிற ஒருவர் வந்து, தொண்டை நோகிறது, நாலு அமொக்சிலின் வேண்டும் என்றார்.

"டொக்டர்ர துண்டு இருக்கா?"

"துண்டு என்னத்துக்கு? தொண்டைய ஆவெண்டு காட்டுறன், பாருங்க."

"காட்டுங்க, டொக்டருக்கு. தொண்டை நோகிற எல்லாத்துக்கும் இந்த மருந்து தேவையில்ல. சளி தடிமனால வந்த நோவெண்டா இது கேக்கவும் மாட்டுது. அதோட, நாலு கெப்சூல் எந்தக் கணக்கு?"

"ராத்தா, மீன் வாங்க நீங்க வந்தா நான் துண்டு கேக்கிறயா?"

"மீன் கேட்டா நீங்க துண்டாத்தானே வெட்டித் தாறீங்க. போங்க தம்பி, போய்க் காட்டிட்டு வாங்க."

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் கெப்சூல் கிடைக்கவில்லை.

துண்டோடு போனவர்களுக்கு அவர் வேறு ஆள். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் குடிக்க வேண்டிய மருந்தென்றால், மருந்துக் கவரில் சுபஹுக்குப் பிறகு, லுஹருக்குப் பிறகு, படுக்கும்முன் என்று எழுதித் தருவார். "மணிக்கூடு பாக்க மறப்பீங்க, பாங்கு மறக்காது" என்பார். நோன்பு காலத்தில் பகல் மருந்தை விட்டுவிட்டு சஹர் சாப்பாட்டோடு இரண்டாகக் குடிக்கிறவர்களுக்கு நல்ல ஏச்சு விழும். "நோயாளிக்கு நோன்பைப் பிறகு பிடிக்கச் சலுகை இருக்கு. இல்லாட்டி டொக்டரிட்டப் போய், ரெண்டு நேரத்துக்குத் தர ஏலுமா எண்டு கேளுங்க. நீங்களாக் கூட்டிக் குறைக்க வேணா."

இதையெல்லாம் அருகிலிருந்து கேட்டவள் நான். கேட்டும் செய்த காரியத்தைத்தான் இனி எழுதப் போகிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் மகனுக்குக் காதில் சீழ் வந்தபோது டொக்டர் ஏழு நாளைக்குக் கெப்சூல் எழுதினார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. நானாகவே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை எறிய மனம் வரவில்லை. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், நல்ல மருந்தைக் குப்பையில் போடுவேனா? கவரோடு ஒரு பால்மா டின்னில் வைத்தேன். அதன்பின் வீட்டில் யாருக்கு எழுதியது மிஞ்சினாலும் அந்த டின்னுக்குள்தான் போனது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் சுகமில்லை என்று கேள்விப்பட்டால், சோறும் ஆணமும் கொடுத்தனுப்புவது போல நாலு கெப்சூலும் கொடுத்தனுப்புவேன். நன்மை என்றே நம்பினேன். வீட்டிலிருந்து எது வெளியே போனாலும் கொப்பியில் குறிக்கிற பழக்கத்தில் அதையும் குறித்து வைத்தேன்.

ஒரு காலைப்பொழுதில் பஸ்மிலா பல்வலியோடு வந்தாள். மகனுடைய கவரிலிருந்து இரண்டு கொடுத்தேன். அரை மணித்தியாலம் போகவில்லை. உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாமசியைக் கண்டதும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நஸீமா ராத்தா ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"அவவ இறக்காத! இஞ்ச மருந்தில்ல, ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். "என்ன குடிச்ச? எத்தன? எப்ப?" என் கையிலிருந்த கவரை வாங்கி வாசித்தார். என் மகனின் பெயர் இருந்தது.

ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று டொக்டர் கேட்டபோதுதான், சின்ன வயதில் ஒரு பாணி மருந்து குடித்துத் தடித்தது பஸ்மிலாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை.

நானும் ராத்தாவும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பஸ்மிலாவின் கணவர் அரிசி ஆலையிலிருந்து பதறி ஓடி வந்தார். பாமசி ராத்தாவைக் கண்டதும் அவராகவே ஒன்றை முடிவு செய்துகொண்டார்.

"துண்டில்லாம மருந்து குடுத்து மனிசர்ர உயிரோட விளையாடுறீங்களா?"

சனம் கூடிவிட்டது. ராத்தா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தம்பி, முதல்ல உள்ள போய்ப் பொஞ்சாதியப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

வீதிக்கு வந்ததும் ராத்தா எனக்கு ஏசப் போகிறார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு: "இப்பிடிக் குடுத்த மருந்து இன்னும் ஆர்ர வீட்ட கிடக்கு?"

கொப்பியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஐந்து வீடுகள்.

"வா, போய் வாங்குவம்."

"ராத்தா, குடுத்தத்தத் திருப்பிக் கேக்கிறது மார்க்கத்தில கூடாதே."

"குடுக்கிறதுக்கு அது உன்ட சாமானா? கவர்ல ஆர்ர பேர் கிடக்கு? ஒரு ஆளுக்கு, ஒரு நோய்க்கெண்டு எழுதின மருந்து. டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் புள்ள குடிச்சிருக்கணும். எப்பிடியும் மிஞ்சினா எங்கிட்டக் கொண்டு வந்து தந்திருக்கணும்."

"நன்மைய நினைச்சுத்தான் குடுத்த ராத்தா..."

"உன்ட நிய்யத்து நல்லந்தான் புள்ள. கெப்சூலுக்கு அது விளங்காதே."

ஒவ்வொரு வீட்டிலும் ராத்தா கேற்றோடு நின்றுவிட்டார். பேச வேண்டியவள் நான். முதல் வீட்டில், "அந்த மருந்து பழசாப் போச்சு, அதான்..." என்று இழுத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "சரியாச் செல்லு புள்ள." சொன்னேன். நான் கொடுத்த மருந்தால் என் தங்கை மூச்சு விட முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சொன்னேன். அந்த வீட்டுக்காரி கெப்சூலை உடைத்துத் தூளைத் தன் மகனுடைய கால் புண்ணில் தூவியிருந்தாள். ராத்தா கேற்றை விட்டு உள்ளே வந்தது அந்த ஒரு தரம்தான். புண்ணைச் சுத்தமான தண்ணீரால் தன் கையாலேயே கழுவிவிட்டு, டொக்டரிடம் காட்டச் சொன்னார்.

இன்னொரு வீட்டு மாமி என்னை லேசில் விடவில்லை. "தந்தத்தத் திருப்பிக் கேட்டு வந்திரிக்காள் பாருங்க! இனி போன பெருநாளைக்குத் தந்த வட்டிலப்பத்தையும் கேப்பாளாக்கும்! எல்லாத்தையும் கோழிக்குப் போட்டுட்டன். கோழிக்கு நல்ல சுகம்."

"கோழிக்கும் துண்டு எழுத மிருக வைத்தியர் இருக்கார் மாமி" என்றார் கேற்றடியில் நின்ற ராத்தா.

ஐந்தாவது வீட்டுக்கு வரும்போது எனக்குச் சொற்கள் தடுமாறவில்லை. அங்கிருந்து, யாரும் சொல்லாமலே, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்த் தங்கையின் கணவரிடமும் சொன்னேன். "மதினி, நீங்களா?" என்றார். அடுத்த நாள் ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். "அது கிடக்கட்டும். அவவுக்கு எந்த மருந்து கூடாதெண்டு டொக்டரிட்ட எழுதி வாங்கினயா? அத அவட பேர்ஸில வையுங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

வியாழக்கிழமை ராத்தாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களில் பஸ்மிலாவும் ஒருத்தி. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது, கூடியிருந்தவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "இவ நல்ல மனிசிதான். எண்டாலும் அப்ப ஒரு புள்ளைக்குத் துண்டில்லாம மருந்து குடுத்துப் பிழையாப் போச்சுதானே."

ஐந்து வீட்டுக்கும் தங்கையின் கணவருக்கும் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் கூடிய சனத்துக்கு நான் சொல்லவேயில்லை. அந்தப் பேச்சு இத்தனை வருடமாக ஊருக்குள் நடமாடியிருக்கிறது. அது ராத்தாவின் காதுக்கும் எட்டாமல் இருந்திராது. ஒரு நாளும் அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கப்றை விசாலமாக்கி வைப்பானாக. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, செய்த பிழையை ஆட்களின் முகத்தைப் பார்த்து என் வாயாலேயே சொல்லும் துணிவு. அதைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். வாசிப்பவர்கள் வாசிக்காதவர்களுக்கும் சொல்லுங்கள்: பஸ்மிலாவுக்கு அந்த மருந்தைக் கொடுத்தவள் நான்.