மைக்ராஸ்கோப்பைக் கோணலாக்கியவள்

முதலில் இரண்டாகத் தெரிந்தது ஒரு செல். மைசூரில் ஓர் ஆய்வகத்தில், உயிருள்ள செல்களை இரு கண்ணாலும் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. அன்று சாயங்காலம் ஒரு செல்லிலிருந்து அதே போல் இன்னொன்று மெல்ல நழுவி, பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கண்ணை மூடினால் ஒன்று. இரண்டையும் திறந்தால் இரண்டு. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: கருவி கோணல்.

பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். "மேடம், ஒந்தே காண்ஸ்தாயிதெ" என்றார். ஒன்றுதான் தெரிகிறதாம். நான் விடவில்லை. எனக்கு ஒன்றாகத் தெரியும்வரை உள்ளே திருகவைத்தேன். பாவம், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே திருகினார்.

மறுநாள் காலை ஆய்வு மாணவி காவ்யா ஓடிவந்தாள். "மேடம், நேத்து ரிப்பேர் பண்ண வெச்சீங்க அல்லவா? ஈக, இப்ப எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு."

குனிந்து பார்த்தேன். எனக்கும் இரண்டு. இரவெல்லாம் ஓய்ந்து என் கண்கள் நேராகியிருந்தன. என் சாயங்காலக் களைப்புக்குத் தக்கபடி மைக்ராஸ்கோப்தான் கோணலாகியிருந்தது.

கணவர் ரகுவிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். பிறகு என் இடது இமை பாதி இறங்கியிருப்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். "ஏனும் ஆகல்ல, ஒண்ணும் ஆகாது. நாளைக்கே டாக்டர்ட்ட போலாம்."

நரம்பியல் மருத்துவர் இமைமேல் சற்று நேரம் ஐஸ் வைத்தார். எடுத்ததும் இமை தானாக மேலே போனது. குளிரில் சற்றுத் தணியும் நோய் ஒன்று உண்டாம். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: மயஸ்தீனியா கிராவிஸ் (தசை சீக்கிரம் களைத்துப்போகும் நோய்).

நரம்பின் நுனியில் நுண்ணிய பைகள் உண்டு. அவை மென்படலத்தோடு (செல்லைச் சுற்றிய மெல்லிய உறை) ஒட்டித் திறந்து, தசைக்கான சேதியை வெளியே சுரக்கின்றன. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் படலத்தில் ஏற்பிகள் (சேதி வந்து அமரும் புரதங்கள்) காத்திருக்கும். என் உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் அந்த ஏற்பிகளைப் பிணைத்துவிட, தசைச் செல் அவற்றை அளவுக்கு மீறி உள்ளே இழுத்து அழித்துக்கொண்டிருந்தது. சேதி வந்தது, வாங்கத்தான் ஆளில்லை.

படலம் குழிந்து உள்ளே இழுத்துக்கொள்வதற்கு உள்வாங்கல் என்று பெயர். வருடக்கணக்காக நான் பார்த்துவந்தது அதைத்தான். தளர்ந்த படலம் சுலபமாகக் குழியும். விறைத்த படலம், முட்ட ஊதிய பலூன் போல, விரலுக்கு இடம் கொடுக்காது. கேட்டேவிட்டேன்.

"படலத்தை விறைப்பாக்க மருந்து இல்லையா டாக்டர்? அப்ப உள்ளே இழுக்காதே."

அவர் சிரித்தார். "செல்லு சாப்பிடறதும் அப்படித்தானேம்மா? நரம்பு கொட்டின பையைத் திருப்பி எடுத்துக்கறதும் அதே வழிதான். அதை நிறுத்தினா நீங்க இருக்க மாட்டீங்க."

"என் வேலை?"

"இப்ப சொல்ல முடியாது."

நோயின் பெயர் கேட்டு அழாதவள் அதற்கு அழுதேன். பார்ப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

பிறகு மாத்திரைகளின் மாதங்கள். விழுங்கினால் உலகம் ஒன்றாகும், மருந்தின் வேகம் தணிந்தால் இரண்டாகப் பிரியும். ஸ்கூட்டரில் ரகுவின் பின்னால் அக்ரஹாரத்தைக் கடக்கையில், பூக்கூடையின் பக்கத்தில் இன்னொரு பூக்கூடை மிதக்கும். ஒரு பசு தன்னிலிருந்தே வெளியேறி நடக்கும். உங்களுக்கும் இந்நோய் என்றால், சில கணம் இது அழகாகக்கூடத் தோன்றும், வெட்கப்படாதீர்கள். ஆனால் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, பயந்துகொண்டே மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். அதை எப்போதோ நேராக்கியிருந்தார்கள். ஒன்று. ஒரே ஒரு செல். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்து அணைந்தது. படலம் குழிந்து உள்ளே போகும் இடம். தள்ளி இன்னொன்று. கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. என் இமையை இறக்கியதும் இதுதான், இத்தனை நாள் எனக்குச் சோறு ஊட்டியதும் இதுதான்.

நேரம் போகப் போக அந்தச் செல்லிலிருந்து இன்னொன்று விலகத் தொடங்கியது. முன்பானால் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பேன். எழுந்து இருக்கையைக் காவ்யாவுக்குக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். உடம்பெங்கும் கோடிக் குழிகள் என்னைக் கேட்காமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

யாரோ மணி கேட்டார்கள். என் கண்களுக்குச் சாயங்காலமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, பகல் பன்னிரண்டு என்றேன்.