மருந்து ஏற்காத உடம்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையில் சோறு தின்று வளர்ந்தவை. யாருக்கும் ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் தலைச்சனை மட்டும் பெற்ற புதிதில் மடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆம்பூரில் என் புருஷனுக்குத் தோல் பதனிடும் மண்டியில் வேலை. நான் தாயில்லாத பெண். அதனால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை பிறந்த சில நாளில் இடுப்பும் தோளும் நெருப்பாய் எரிந்து கொப்புளம் கிளம்பியது. தொத்திக்கொள்ளுமோ என்று மாமியார் பயந்துவிட்டார். பால் கொடுக்கும்போதும் பிள்ளையை அவரே பிடித்துக்கொள்வார். என் கை படக்கூடாது.

குடியாத்தத்து வைத்தியர் வந்து, "மண்டித் தண்ணி பண்ற வேலைம்மா" என்று தைலம் கொடுத்தார். எரிச்சல் ஜாஸ்தியானது. பக்கத்துத் தெருவில் யுனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீம், "ரத்தத்துல சூடு" என்று லேகியம் கொடுத்தார். முகமே வீங்கிப்போனது. எந்த மருந்தையும் ஏற்காத உடம்பு என்று இருவரும் கைவிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! இருவரையும் ஒன்றாக அழைத்துவரச் சொல்லி, அறைக்குள் இருந்தபடியே கேட்டேன்.

"மருந்துல இன்னா போட்டீங்கன்னு சொன்னாத்தான் இனிமே வாயைத் தொறப்பேன்."

"பரம்பரை மருந்தும்மா. வெளிய சொன்னா பலிக்காது" என்றார் வைத்தியர்.

"சொல்லாமயே பலிக்கலியே!"

ஹக்கீம் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சாயபு. மொதல்ல நீங்க சொல்லுங்க."

"மொதல்ல வந்தது நீங்கதானே வைத்தியரே?"

கடைசியில் என் புருஷனை நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு காதில் ரகசியமாய்ச் சொன்னார்கள். அவர் துள்ளி எழுந்தார்.

"இன்னாய்யா இது, ரெண்டு காதுலயும் சேங்கொட்டைன்றீங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சுத்தி பண்ணித்தான் போட்டேன்" என்றார் ஒருவர். "நானும்தான்" என்றார் மற்றவர். பட்டால் கொப்புளிக்கும் பால் நீங்கச் சுத்தி செய்தாலும் அந்தக் கொட்டை சில உடம்புக்கு ஆகாதாம். சரி, மருந்துக்கு முன்பே எரிந்ததே என்று கேட்டேன். இடுப்பிலும் தோளிலும் மட்டுமா என்று ஹக்கீம் கேட்டார். பிறகு வைத்தியர் கேட்டார்: "துணி யாரும்மா வெளுக்கறது?"

பிரசவம் வரை என் துணியை நானேதான் துவைத்தேன். தீட்டுக் காலம் என்பதால் சலவைக்காரி எடுத்துப்போனாள். எந்த வீட்டுத் துணி என்று தெரிய அவள் வைக்கும் கறுப்பு அடையாளம் சேங்கொட்டைப் பாலில் வைப்பது. இடுப்பில் செருகும் முனையிலும் தோளில் விழும் முந்தானையிலும் அது இருந்தது. ஊரே அப்படித்தான் உடுத்தியது; என் தோலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தேங்காய்ப்பால் தடவுங்க, அடையாளம் இல்லாத சேலை குடுங்க" என்றார் வைத்தியர்.

"மொதல்ல புள்ளையக் குடுங்க. இது யாருக்கும் தொத்தாது" என்றார் ஹக்கீம்.

"ரெண்டு பேரும் ஒத்துப்போறதே அதிசயம்" என்று சொல்லி, மாமியார் சலவைக்கே போடாத தம்முடைய பழைய சேலையை எனக்குக் கட்டிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்தார். வைத்த கையோடு அவன் மடியை நனைத்தான். அன்று நான் சிரித்த சிரிப்பில் எரிச்சல்கூடத் தெரியவில்லை.

எங்கே கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதைத் திருப்பிப் படி. அவன் என் மடிக்கு வருகிற இடத்தை நிதானமாகப் படி.