சகலையின் வண்டி

ரயில் பெட்டியின் தானியங்கிக் கதவு மூடிக்கொண்டு வரும்போது நடுவில் முழங்கையை நீட்டுவார். கதவு பட்டென்று பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் அடுத்த கதவு. ரயில் கம்பெனிகளைக் கண்காணிக்கும் தனி அலுவலகத்தின் பரிசோதகர் அவர். பணிமனையில் நீட்டும் டீயைக்கூடத் தொடமாட்டார். "இன்னைக்கு டீம்பான், நாளைக்கு 'சார், கொஞ்சம் பாத்துக்குங்க'ம்பான்." பணிமனை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'முட்டுக்கட்டை'. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வியாதி: சகலை. மனைவியின் அக்கா கணவர், ரயில் கம்பெனியில் மேலாளர். மாமியார் அவருக்குத்தான் முதலில் நாற்காலி போடுவார். "அத்தான் வந்தா வீடே நெறஞ்சிடுதுல்ல?" என்று மனைவி சொன்னால் இவருக்குக் காதில் புகை வரும். "ஆமா, ஆளு அந்த சைஸு" என்பார். பொறாமையா என்று கேட்டால், "எனக்கா? சேச்சே!" அப்பட்டமான பொறாமைதான், சந்தேகமே வேண்டாம்.

நேற்று அந்தச் சகலையின் பொறுப்பில் ஓடும் வண்டியே இவர் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது பெட்டியின் கதவு முழங்கையைக் கவ்வியது, விடவில்லை. ஒரு குழந்தையின் கை மாட்டியிருந்தால் வண்டி இழுத்துக்கொண்டே போயிருக்கும். கையை உருவிக்கொண்டவர் முகத்தில் வலியைக் காணோம். மாட்டினான்யா! வண்டி நின்றால் சகலையின் பதவி உயர்வும் நிற்கும். வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவரைப் பயமுறுத்தியது. கதவு நிஜமாகவே விடவில்லையா, தான்தான் கையை இறுக்கிப் பிடித்தோமா? 'வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான்' என்று சகலை ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே அந்தக் கதவோடு வண்டி ஓடும்.

கூட வந்திருந்த பரிசோதகியைக் கூப்பிட்டார். "நீ பாரும்மா. முதல்லேர்ந்து, எல்லாக் கதவையும்."

"நீங்க பாத்துட்டுதானே வர்றீங்க சார்?"

"என் கண்ணை நம்ப முடியாது. இது என் சகலையோட வண்டி. அவர் மேல எனக்குப் பொறாமை." பல வருஷத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னார். எந்தக் கதவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெண் கதவிடுக்கில் வைத்துச் சோதிக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனாள். இவர் கீழே நின்று நகத்தைக் கடித்தார். ஐந்தாவது பெட்டியில் கதவு கட்டையைக் கவ்வியது. மறுபடி வைத்தாள். அதே கதைதான்.

"சார், இது விடவே மாட்டேங்குது. வண்டி போகக்கூடாது" என்று சிவப்பு அட்டையை மாட்டினாள்.

அவர் வருத்தமாகத் தலையாட்டினார். பிறகு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, வாயெல்லாம் பல்லாக வருவதைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.