ஐஸ்பெட்டியில் வைத்த விலா எலும்பு

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குத் தீப்பிடித்துவிட்டது என்று நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழு மனத்தோடு நம்பினேன். நம்பிக்கைக்கு ஏற்ற அளவு தண்ணீரும் ஊற்றினேன். அந்தப் பெட்டி இன்றைக்கு பிளாட் புஷ் என்ற புறநகரில் என் வீட்டுப் பின்வளவில் நிற்கிறது. வெள்ளைப் பூச்சு பழுத்து மஞ்சளாகிவிட்டது. உச்சியில் ஓட்டை போட்டு ஒரு தகரக் குழாய் செருகியிருக்கிறது. கதவின் அடியில் ஒரு நெளிவு. அது என் கால் பட்டு வந்தது. விருந்தாளிகள் கேட்டால் போர்க்காயம் என்பேன். மனைவி பக்கத்தில் இருந்தால் அப்படிச் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு மின்னோட்டம் படிப்பித்த நான், ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒரு குளிர்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பௌதிகம் தெரிந்தவன் பெட்டியை மற்றவர்களைவிட நேராக அடுக்குவான் என்று நினைக்க வேண்டாம். என்னை மேய்த்தவர் சூப்பர்வைசர். மலேசியத் தமிழர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆனவர். சந்தித்த முதல் நாள் பெயர் கேட்கவில்லை. “பசியாறியாச்சா?” என்று கேட்டார். எனக்குப் புரியாமல் விழித்தேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தமாம். வேலையிடத்தில் எல்லோரையும் கேலி செய்து சிரிக்க வைக்கும் என் குணம் அவரிடம் மட்டும் செல்லாது. நான் பகிடி விட்டால் முகத்தில் ஒரு அசைவும் இராது. இரண்டு நாள் கழித்து, நான் மறந்த பிறகு, அதே பகிடியை எனக்கே திருப்பித் தருவார்.

என் வேலை விசா மாத முடிவில் காலாவதி. நிரந்தர வேலை என்று கம்பனி ஒரு கடிதம் தந்தால் நீட்டிக்கலாம். இல்லையென்றால் நானும் மனைவியும் பெட்டி கட்ட வேண்டியதுதான். தங்க இடமும் இல்லாமல் அலைந்த எங்களுக்குத் தன் வீட்டின் பின்புற அறையைக் கொடுத்தவரும் சூப்பர்வைசர்தான். குடிபோன முதல் வாரமே சொன்னார்: “சனிக்கெழம மேனேஜர் நம்ம வீட்டுக்கு சாப்பிட வர்றாரு தம்பி. ஒன் கடிதாசி விசயம் அங்க முடிஞ்சிரும்.” அன்றிலிருந்து நான் சனிக்கிழமையைத் தவிர வேறு கிழமை இருப்பதையே மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் படுக்கையில் கிடக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. “தம்பி, நான் சந்தைக்குப் போய்ட்டு வந்துர்றேன். ஐஸ்பெட்டியில விலா எலும்பு வச்சிருக்கேன், பாத்துக்க. கதவ மட்டும் தொறந்துறாத.” ஐஸ்பெட்டி என்றால் ஃபிரிட்ஜ் என்பது ஒரு வாரத்தில் எனக்குப் பழகியிருந்தது. பின்வளவில் ஃபெய்ஜோவாப் பழமரத்தடியில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நிற்பதையும் பார்த்திருந்தேன். கதவைத் திறக்காதே என்பதோ குளிர்களஞ்சியத்தின் வேதவாக்கு. திறந்தால் குளிர் போய்விடும். எல்லாம் பொருந்தியது. ஓம் அண்ணை என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பத்து மணிக்குப் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால், ஃபிரிட்ஜின் தலையிலிருந்து நீலப் புகை. கதவிடுக்கில் புகை. கையை வைத்துப் பார்த்தேன், கதவு சுட்டது. அந்த வாரம்தான் எங்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி நடந்திருந்தது. முதலில் மின்சாரத்தைத் துண்டி என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஓடிப்போய் முழு வீட்டுக்குமான மெயின் சுவிட்சை இறக்கினேன். இறுகியிருந்த கதவை உதைத்துத் திறந்தேன். உள்ளே, அடியில், நெருப்பு. தோட்டக் குழாயைத் திருப்பினேன். மேனேஜருக்கான இறைச்சியையும் என் விசாவையும் ஒருசேரக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மனைவி தலை துவட்டியபடி வந்து நின்றாள்.

“என்னப்பா செய்யிறியள்?”

“வயர் ஷோர்ட்டாகி நெருப்புப் பிடிச்சிட்டுது.”

அவள் ஃபிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “வயர் எங்கை?”

வயர் இல்லை. பிளக் இல்லை. மோட்டார் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அடியில் ஒரு இரும்புத் தட்டு, அதில் கரி, கரிக்கு மேல் யாரோ அளவாக அடுக்கிய மானுக்கா விறகுத் துண்டுகள். மேல் கம்பித் தட்டுகளில் மூன்று நீளமான பன்றி விலாக்கள், பாதி வெந்து, செந்நிறம் ஏறி, என் புண்ணியத்தில் குளித்து முடித்து நீர் சொட்டிக்கொண்டிருந்தன. மீன் பிடிக்கப் போகும் இந்த நாட்டுக்காரர்கள் பழைய ஃபிரிட்ஜைப் புகையடுப்பாக்குவார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். மின்னோட்டம் படிப்பித்த ஆசிரியர், மின்சாரமே இல்லாத இடத்தில் மின்கசிவைக் கண்டுபிடித்திருந்தார். “இதைத்தானோ பிள்ளையளுக்குப் படிப்பிச்சனீங்கள்?” என்றாள் மனைவி.

பதற்றத்தில் இருப்பவன் உண்மையைச் சொல்வான் என்பது தவறான எண்ணம். பதற்றத்தில் இருப்பவன் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடுவான். அங்கே கறுப்புத் தட்டில், பளபளக்கும் உறையில், ஏற்கெனவே வேகவைத்துச் சோஸ் தடவிய பார்பெக்யூ விலா இருந்தது. சூடாக்கினால் போதும். அட்டையில் பெரிதாகத் தீ வரைந்திருந்தார்கள். தீ படமாக இருந்த பெட்டிக்குள் தீயே இல்லை. ஐஸ் என்று பெயர் வைத்த பெட்டிக்குள் தீ எரிந்தது. இந்த நாட்டில் எதை நம்புவது என்று யோசிக்க அப்போது நேரமில்லை. ஆறு பொதிகளை அள்ளிக்கொண்டு வந்து, மெயின் சுவிட்சை ஏற்றி, எங்கள் ஓவனில் சூடாக்கி, ஐஸ்பெட்டியின் கம்பித் தட்டில் அடுக்கி, கீழே காய்ந்த சுள்ளிகளைக் கொளுத்தி, ஒரு மணிக்கு முன் நல்ல பிள்ளையாக நின்றேன்.

சந்தையிலிருந்து சூப்பர்வைசர் திரும்பினார், பின்னாலேயே மேனேஜரும் வந்தார். சூப்பர்வைசர் கோயில் கதவைத் திறப்பது போலப் பெட்டியைத் திறந்தார். பார்த்தார். காலையில் வைத்த மூன்று நீள விலா, மதியம் ஆறு குட்டைத் துண்டாகியிருந்தது.

“சுருங்கிருச்சி” என்றார்.

“நெருப்பிலை சுருங்கும்தானே அண்ணை.”

சாப்பிட உட்கார்ந்தோம். அடுக்களையில் ஓவனின் மணிக்கூடு, மின்சாரம் போய் வந்தால் காட்டுவது போல, பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அதை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். சோப்புப் போட்ட விரலிலிருந்து மோதிரம் கழல்வது போல எலும்பு தனியாக வந்துவிட்டது. வீட்டில் புகைத்த விலா அப்படி வராது என்று பிறகு எத்தனையோ முறை அவரிடமே சாப்பிட்டு அறிந்தேன். அது பல்லுக்குச் சற்றே எதிர்த்து நின்று, கடித்த இடம் மட்டும் கழன்று, மற்றதைக் கௌரவமாக எலும்பில் விட்டு வைக்கும். விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு இருக்கும், விரலில் புகை மறுநாள் வரை நிற்கும். பொதியிலிருந்து வந்ததோ பல் இல்லாதவருக்கும் பல் இருப்பவருக்கும் ஒரே நியாயம் வழங்கியது. இனிப்பு, மேலும் இனிப்பு, கை கழுவினால் ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் தன் கையில் இருந்த வெற்று எலும்பை நீதிபதி போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வாயைத் துடைத்து, “ஸ்வீட் ஆஸ்” என்றார். மிகப் பிரமாதம் என்று இந்த ஊரில் சொல்வது அப்படித்தான். எனக்கு அப்போது அது தெரியாது. சோஸின் சீனியைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் தன் சட்டைப் பையைத் தட்டி, சூப்பர்வைசரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சூப்பர்வைசர் மெல்லத் தலையாட்டினார், இல்லை என்று. என் விசா அந்த ஒரு தலையாட்டலில் செத்தது. அதற்குப் பிறகு நான் விழுங்கியது எலும்பா இறைச்சியா என்று தெரியாது.

மேனேஜர் போனதும் சூப்பர்வைசர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே மனைவி, நனைந்த அந்த விலாக்களைக் கழுவி, வெட்டி, யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தாள். எறியச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். “பண்டியெண்டாலும் சாப்பாடெல்லோ” என்றிருந்தாள்.

“கதவத் தொறந்தியா?”

“ஓம் அண்ணை.”

“தொறக்காதன்னு சொன்னேன்ல.”

“நெருப்பெண்டு நினைச்சிட்டன்.”

“நெருப்புதான்” என்றார்.

மனைவி ஒரு தட்டில் கறி போட்டுக் கொடுத்தாள். அவர் படியில் உட்கார்ந்து தின்றார். இரண்டாவது தட்டும் வாங்கினார். “புகை போகல தங்கச்சி” என்றார் அவளிடம், மிகுந்த மரியாதையுடன். எலும்புகளில் இறைச்சியைப் பல்லால் உரித்தெடுத்தார். அதுதான் விலா தின்னும் முறை என்பதை அன்று பார்த்தேன். நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, “அண்ணை, என்ர கடிதம்?” என்றேன். விரலைச் சப்பிவிட்டு, “திங்கக்கெழம பாப்போம்” என்றார். ஞாயிறு முழுவதும் நான் சூட்கேசை இறக்கினேன், துடைத்தேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். மனைவி, “அதுக்கும் தண்ணி அடியுங்கோ” என்றாள்.

திங்கள் காலை கடிதம் கொடுத்தார். மடிப்பில் மானுக்காப் புகை மணந்தது. என் கையே அப்போது புகை மணந்துகொண்டிருந்ததால் அதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அன்றிலிருந்து, சூப்பர்மார்க்கெட் பொதி ஒன்றினால் விசா வாங்கிய ஒரே தமிழன் நான்தான் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சூப்பர்வைசரும் சில வீடுகளில் இருந்திருக்கிறார். முகம் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஹாமில்டனுக்குக் குடிபெயர்ந்தபோது ஐஸ்பெட்டியை எனக்கே தந்துவிட்டுப் போனார். “ஒனக்குத்தான் இதோட குணம் தெரியும்” என்றார். இப்போது நான் புகைக்கிறேன், நன்றாகவே புகைக்கிறேன். பொதி வாங்கினால் பத்து நிமிடத்தில் முடியுமே என்று மகள் ஆங்கிலத்தில் கேட்பாள். அந்தப் பத்து நிமிடத்தின் அருமை எனக்குத் தெரியும் என்பேன்.

போன மாதம் அவள்தான் என் பழைய காகிதங்களையெல்லாம் கணினியில் ஏற்றினாள். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா, நீங்கள் சொல்லும் கதையில் சாப்பாடு சனிக்கிழமைதானே, இதில் ஏன் வெள்ளிக்கிழமைத் திகதி என்று கேட்டாள். நூறு தடவை வாசித்த கடிதம். திகதியை ஒரு தடவைகூட வாசித்திருக்கவில்லை. ஹாமில்டனுக்குப் போன் போட்டேன். “ஆமா, என் சட்டப் பையிலதான் இருந்துச்சி. சாப்பாட்டுல குடுக்கலாம்னு வச்சிருந்தேன்” என்றார். பிறகு ஏன் தரவில்லை என்று கேட்டேன். “நீ என் எலும்பு மேல தண்ணி ஊத்துன” என்றார்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேனேஜர் என் கடிதத்தில் கையெழுத்திட்டார். சனிக்கிழமை காலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் குனிந்து ஐஸ்பெட்டிக்குத் தீ மூட்டினார். பத்து மணிக்கு நான் அதை அணைத்தேன்.