கூப்பிடு தூரம்

இருபத்தைந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டபோது, என் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவள் வாயால் சொல்ல வைத்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா?" என்று குமாஸ்தா சீண்டியிருக்கிறார். "தெரியும். ஆனா அது எனக்க வாயில நிக்காது" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்தோம்.

திருவிதாங்கூரிலிருந்த எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நாலைந்து வருஷம் முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், நெல் அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்பு முன்னாலேயே சரிந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது. மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். வந்தது என் பெயர்.

அன்றிலிருந்து தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வதற்கும் அதுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. புத்தி பிசகவில்லை, நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்கு விளங்கியது. அதனால்தான் கொடுமை. பெயர் வாயை விட்டுப் போனதும் இடது கை பதறிக்கொண்டு வந்து வாயைப் பொத்தும். கண்ணிலிருந்து நீர் வழியும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷனை இழந்த என் தங்கை எங்களோடு இருந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் நாக்கு நீளம். "அண்ணே, விடிஞ்சா அடைஞ்சா கெட்டினவன் பேரைச் சொல்லித் தொலைக்கா. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்க போவோம்?" என்று புலம்புவாள். நான் வெளியே சிரித்தேன், உள்ளே பயந்தேன். இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது; தங்கை சொன்ன கணக்குப்படி நான் எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் என்னை அதிகம் தின்றது. தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் எங்கள் வாசலில் நடையைத் தளர்த்தி, அந்தக் கூப்பாட்டைக் கேட்டுவிட்டுப் போனான். பெண்டாட்டியே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்பிள்ளை என்று எனக்குப் பட்டம் கிடைத்தது.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். மாதத்தில் ஏழு நாள் எண்ணெயிட்டு உடம்பை நீவி உழிச்சல் செய்ய வேண்டும் என்றார். மீதி நாளெல்லாம் ஒரே மூலையில் போட்டுவைக்கக் கூடாது, நாலு இடம் காட்ட வேண்டும் என்றார். எனக்குக் கயிறு வியாபாரம். தேங்காய்ப்பட்டணத்தில் கயிறு எடுத்து மார்த்தாண்டம், திங்கள்சந்தை, திருவட்டாறு என்று சந்தை சந்தையாக என் சொந்த மாட்டுவண்டியில் கொண்டுபோய் விற்பேன். அந்த வண்டியையே வீடாக்கிக்கொண்டு அவளையும் கூட்டிப் புறப்பட்டேன். பெண்டாட்டியை விட்டுப் பிரியாத மனுஷன் என்று ஊர் மெச்சியது. நானும் மறுக்கவில்லை. நிஜத்தில் நான் ஓடினேன். தங்கையின் வாயிலிருந்தும் தெருவின் காதிலிருந்தும் ஓடினேன். சந்தையில் ஒருத்தரை வாரத்துக்கு ஒருமுறைதானே பார்க்க வேண்டும்.

வண்டிக்குப் புது ஓலையில் கூண்டு கட்டினேன். முன்பாதியில் கயிற்றுக் கட்டுகள், பின்பாதியில் வைக்கோல் பரப்பி மேலே பாயும் பழைய சேலைகளும். கூண்டின் வளைவிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டு நுனியில் வளையம் போட்டேன், அவள் இடது கையால் பிடித்து எழுந்திருக்க. கயிறு விற்கிறவனுக்கு அதற்கா பஞ்சம்? அச்சுக்குக் கீழே தண்ணீர்ப் பானை. மர நிழல் கண்ட இடத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சியும் சிறுபயறும். மீன் ஆகாது என்பது வைத்தியர் சொன்ன பத்தியம்.

தலை பின்னக் கற்றுக்கொண்டேன். சேலை உடுத்திவிடக் கற்றுக்கொண்டேன். மற்ற வேலைகளை முதல் மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே முடித்தோம். பிறகு அதுவும் பழகிவிட்டது. மழைக்காலத்தில் கூண்டு ஒழுகியது. அவள் நனையாமல் நான் நனைந்தேன். கோபமும் வந்தது. பானையைக் காலால் உதைத்து உடைத்திருக்கிறேன். நல்லவனாகவே இருந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆறாம் மாதம் வலது கால் விரல்கள் அசைந்தன. பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மூச்சு விடும் நேரம் நின்றாள். பெயர் சொல்வதிலும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரிந்தது. பசிக்கு ஒரு ராகம், வலிக்கு ஒரு ராகம், சும்மா கூப்பிடுவதற்கு ஒன்று. வைத்தியரிடம் சொன்னேன், கூடவே என் வெட்கத்தையும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பேரைச் சொல்லுதான்னு வாய அடைச்சிராதேயும் வே. இருக்கப்பட்டது அந்த ஒண்ணுதான். அதைப் பிடிச்சுத்தான் மத்த பேச்செல்லாம் மேல வரணும். கெணத்துல வாளி விழுந்தா கயித்தைக் கொண்டுதானே எடுக்கணும்? கயித்தை அறுத்துக் களஞ்சா பின்ன என்ன செய்வீரு?"

அவர் சொன்னது பலித்தது. திருவட்டாறிலிருந்து இறங்கி வரும்போது கூண்டின் பின்வாசல் வழியே வெயில் அவள் முகத்தில் அடித்தது. என் பெயரைச் சொன்னாள், நிறுத்தினாள், நெற்றியைச் சுருக்கினாள், "வெயிலு" என்றாள். நான் மாடுகளை நிறுத்திவிட்டுக் குதித்தேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள். இரண்டு பேரும் நடுரோட்டில் அழுதோம். அவளுக்குப் பேச்சு வந்துவிடும் என்று அன்று முழுசாக நம்பினேன்.

அடுத்த வாரம் மார்த்தாண்டம் சந்தை. நல்ல கூட்டம். அவள் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். கயிறு வாங்க வந்த ஒருத்தர், "உள்ள யாரு, உம்ம அம்மையா? பேரு சொல்லில்லா விளிக்கா!" என்றார். பக்கத்தில் சட்டி பானை விற்கிறவன், "அம்மை இல்ல அண்ணாச்சி, பெஞ்சாதி. மருவாதியான பெஞ்சாதி!" என்று சொல்லிவிட்டு, அவள் குரலைப் போலவே கோண வாயால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனை அறைந்திருக்க வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்களே, எனக்கு இளைத்தவள் வண்டிக்குள் கிடந்தாள்.

பின்பக்கம் போய்க் கூண்டுக்குள் தலையை நீட்டினேன். "ஏட்டி, இனி அந்தப் பேரு ஒனக்க வாயில வரப்பிடாது. வந்துதுன்னா இப்பிடியே வண்டியத் திருப்பி ஒனக்க அண்ணன் வீட்டுல கொண்டு தள்ளிருவேன். மானங்கெட்ட பேச்சு!"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை எடுத்து வாய்மேல் வைத்தாள்.

அதன்பின் அவள் கூப்பிடவில்லை. வேண்டியதற்கு வண்டிப் பலகையை இடது கையால் தட்டுவாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. சந்தைகளில் தலை நிமிர்ந்து விற்றேன். வெயிலு என்ற வார்த்தையும் போய்விட்டது என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், என் பெயர் முதலில் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டாள். அடுத்த உழிச்சலின்போது வைத்தியர், "பேச்சு எப்பிடி?" என்றார். அப்படியேதான் இருக்கு என்று பொய் சொன்னேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் உச்சி நேரம். குழித்துறை ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துப் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு, மாடுகளைக் குளிப்பாட்ட இறங்கினேன். வண்டியிலிருந்து தண்ணீர் ஐம்பது அடி இருக்காது. மாட்டைத் தேய்த்துக்கொண்டே, எதிரே துணி துவைத்தவரோடு தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தேன். விறகுக் கட்டோடு மேலே போன ஒரு பெண், கட்டைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பலகையைத் தட்டியது எனக்குக் கேட்காமல், தானாக இறங்கப் பார்த்திருக்கிறாள். வலது கால் மடங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்திருக்கிறாள். நிழல் நகர்ந்து வெயில் முழுசும் அவள்மேல் கிடந்தது. தலையில் அடிபட்டு ரத்தம் மண்ணில் காய்ந்து கறுத்திருந்தது. விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"இவ்வளவு நேரம் கெடந்திருக்காவளே, ஒரு சத்தம் போடப்பிடாதா? நீங்க கூப்பிடு தூரத்துலதானே நின்னீங்க?" என்றாள் விறகுக்காரி.

என் மனைவிக்கு நினைவு இருந்தது. இடது கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

வைத்தியர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். தலையில் பட்டதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். கூண்டுக்குள்ளேயே நாலு நாள் கிடந்தாள். கஞ்சித் தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் கண் என்னைத் தெரிந்துகொண்டது. தங்கை வந்திருந்தாள், வைத்தியர் வீட்டுப் பெண்கள் நின்றார்கள், சிகிச்சைக்கு வந்த அயலூர்க்காரர்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அவள் காதோரம் குனிந்து கெஞ்சினேன். "ஏட்டி, கூப்பிடு. எம் பேரைச் சொல்லு. உரக்கச் சொல்லு, ஊரு கேக்கட்டும்." அவள் தலையை இல்லை என்று அசைத்தாள். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல என் பெயரை நானே சொல்லிக் காட்டினேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஐந்தாம் நாள் காலையில் மூச்சு அடங்குகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் உதட்டைத் திறக்கவில்லை.