கவுன் மடிப்பில் இருந்த கனம்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் அந்த நர்ஸைத் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. "கல்யாணத்தன்னைக்கே என்னை எடை போட்டு முடிச்சவ இவ" என்று அவள் கணவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "குறைவாத்தான் இருந்தீங்க, போனா போகுதுன்னு சேத்துக்கிட்டேன்" என்று அவளும் விடமாட்டாள்.

அந்த வார்டில் நடந்தது சோதனைச் சிகிச்சை. எல்லா வைத்தியமும் பார்த்த பிறகும் கட்டி திரும்பி வந்த குழந்தைகளுக்கு, தனித்தனியாகத் தோற்றுப்போன இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவு. கூடினால் மருந்தே விஷம். குறைந்தால் கட்டிக்குக் கொண்டாட்டம். அதனால் எடை பார்க்கும் வேலையை அவள் இன்னொருவர் கையில் விட்டதே இல்லை. ஒவ்வொரு குழந்தையையும் தூக்கி இடுப்பில் வைத்து, கொஞ்சம் வம்பு பேசிவிட்டுத்தான் எடை மேடையில் நிறுத்துவாள்.

ஒரு நாள் அடுத்த சுற்று மருந்துக்காக ஒரு தையல்காரியின் மகள் அம்மாவோடு வந்தாள். ஆறு வயது, தலையில் ஒரு முடி கிடையாது, வாய் மட்டும் காதுவரை. வார்டே அவளை வாலு என்றது. தூக்கியபோது அக்காவின் இடுப்பில் எலும்பு குத்தியது. மேடையோ போன தடவையைவிடக் கூடுதலாகக் காட்டியது.

"என்னடி வாலு, என் கைக்கு நீ இளைச்சிருக்கியே?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

அக்கா கவுனின் ஓரத்தை விரலால் தடவினாள். ஜன்னல் திரை பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைப்பார்களே, அந்த ஈயக் குண்டுகள். தையல் அத்தனை சுத்தம்.

"உனக்கு அறிவிருக்கா? இந்தக் கனத்துக்கு மருந்து கலந்தா, குண்டுக்கா ஏறும்? புள்ளைக்குத்தானே ஏறும்!"

தையல்காரி உடைந்து அழுதாள். "எடை குறைஞ்சா வெளிய அனுப்பிடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்கக்கா. இதை விட்டா எங்களுக்கு வேற கதவு இல்ல."

"போன தடவையும் இப்படித்தானா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். அப்படியானால் கூடுதல் மருந்து ஏற்கெனவே உடம்பில் ஏறிவிட்டது.

"டாக்டர்கிட்ட சொல்லாதீங்கக்கா, உங்க கால்ல விழறேன்."

தையலைப் பிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வாலுவின் இடமே போகலாம். அக்காவுக்கு அந்தக் குழந்தை என்றால் உயிர். ஆனாலும் அவள் தையல்காரியின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"மறைச்சா, பொய் எடைன்னு தெரியாம, இவ உடம்புல நடந்ததை நம்பி அடுத்த புள்ளைக்கும் அளவு போடுவாங்க. உன் வாயாலயே சொல்லு. நான் கூட வரேன்."

டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எடை குறைஞ்சா அளவைக் குறைப்போம், சாப்பாட்டுக்கு வழி பண்ணுவோம். அதுக்காக யாரையும் துரத்த மாட்டோம்மா. ஆனா பொய் எடைன்னா, இந்தச் சோதனையை நடத்துற குழுதான் முடிவு சொல்லணும்."

அன்றைய மருந்தை நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரிந்திருந்தது; அது தேறுவதற்குள் அக்காவுக்குத் தூக்கம் போனது. குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"பொய் சொன்னவதான், சார். உண்மையைச் சொன்னதும் அவதான். இனிமே அந்தப் புள்ளையோட எடைக்கு நான் பொறுப்பு."

அவளை நம்பித்தான் வாலுவை வைத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவள் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

மறுபடி வந்த அன்று தையல்காரியே மகளின் செருப்பைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், தொப்பியை எடுத்தாள். பிறகு தாடையைப் பிடித்தாள்.

"வாயில என்னடி? மிட்டாயா? துப்பு. அதுவும் எடைதான்."

அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும், விடு."

மருந்து ஜெயிக்குமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. மேடை காட்டிய எண் போன தடவையைவிடக் குறைவு. தையல்காரி குனிந்து, அதைத் தானே உரக்கப் படித்தாள்.