கொடிகாமம் ஸ்டேசனில் ஒரு ‘இருங்கோ’

ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த அறையின் யன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கிவிடும். பிறகு மேசையில் இருக்கிற தண்ணீர்க் கிளாஸ். பிறகு கட்டில். கடைசியில்தான் கூவுகிற சத்தம் கேட்கும்...

அன்றைக்கு அவற்றோடு சேர்ந்து நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கொடிகாமம் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், தண்டவாளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி மட்டுமே இருந்த சின்ன கெஸ்ற் ஹவுஸ். இரண்டே அறை. பச்சை பெயின்ற் அடித்த யன்னல்கள், முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் மாமரம். வேறொரு நாளாக இருந்தால் ஆசையாகப் பார்த்திருப்பேன். வடக்கில் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. அது போகும்போதெல்லாம் அயல்வீட்டுச் சனம் வேலிக்கு ஓடிவந்து கை காட்டும். நான் மட்டும் யன்னல் சீலையை இழுத்து மூடுவேன்.

அன்று காலைதான் எனக்கும் இவருக்கும் சாவகச்சேரியில் பதிவுத் திருமணம் நடந்திருந்தது. வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து முடித்த கல்யாணம். நாங்கள் சைவம், இவருடைய ஆட்கள் கிறிஸ்தவர்கள். “அந்த வேதக்காரப் பெடியனைக் கட்டினாயெண்டால் என்ரை செத்தவீட்டுக்கும் வராதை” என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அப்பா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. சொன்னதை மாற்றுகிற ஆளும் இல்லை.

பதிவு முடிவதற்குள் கொழும்பு ரயில் போய்விட்டது. பஸ்ஸில் போவோம் என்றேன். “பஸ்ஸிலை எங்கடை ஊர்ச் சனம் இருக்கும்” என்றார் இவர். ரயிலில் மட்டும் சந்திர மண்டலத்து ஆட்கள் வருவார்களாக்கும்! கடைசியில், விடியும்வரை அந்த கெஸ்ற் ஹவுஸில் ஒளிந்திருப்பது என்று முடிவானது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒளிவது லேசான காரியமா?

வீட்டுக்கார அன்ரி அறைத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கினா.

“பிள்ளை எந்த இடம்?”

“அச்சுவேலி.” வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அச்சுவேலியிலை எவடம்?”

“சந்தைக்குக் கிட்ட...”

“ஆற்ரை பிள்ளை?”

நான் முழிக்க, இவர் இடையில் புகுந்து, “அவவின்ரை ஆக்கள் எல்லாம் கொழும்பிலை” என்றார். அன்ரி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தா. பிறகு குனிந்து என் பாவாடை விளிம்பைப் பார்த்தா.

“உது வாழைக்கயர் எல்லோ. நீர்வேலியோ?”

நீர்வேலி வாழைத் தோட்டக்காரன் மகளின் உடுப்பில் அந்தக் கறை இல்லாமல் இருக்குமா? எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அன்ரி வேறொன்றும் கேட்கவில்லை. திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டா.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் போன் கதைக்கிற சத்தம். “ஓம்... ஓம்... இஞ்சைதான்...” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“வெளிக்கிடுவம்” என்றேன்.

“எங்கை?” என்றார் இவர்.

பின்னேரம் அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தா. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. றோட்டில் போன ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அப்பாவுடையது போலவே இருந்தது. அப்பா வந்து இழுத்துக்கொண்டு போவாரோ என்று ஒரு பயம். வராமலே விட்டுவிடுவாரோ என்று இன்னொரு பயம். எது பெரிதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விடிய, தேத்தண்ணியோடு வந்த அன்ரிதான் வாய் திறந்தா.

“என்ரை மச்சாள் நீர்வேலியிலைதான் இருக்கிறா. அவவைக் கொண்டு விசாரிச்சுக் கொப்பருக்குச் சொன்னனான். பிள்ளை பத்திரமா நிக்குது, காலமைக் கொழும்புக் கோச்சியிலை போகுது எண்டு. என்னைக் கோவிச்சாலும் பரவாயில்லை. பெத்த மனம் என்ன பாடு படும்?”

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஸ்டேசனுக்குப் போனால்... அப்பா நிற்கிறார். மேடையின் நடுவில், வேட்டியோடு, தலையில் ஹெல்மெற்றைக்கூடக் கழற்றாமல். முகத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க முடியவில்லை. இவர் என் கையை விட்டுவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

அப்பா கிட்ட வந்தார். ரயிலும் வந்துகொண்டிருந்தது.

“வவுனியா வரைக்கும் இடப்பக்கம் வெயில் அடிக்கும். மற்றப் பக்கமா இருங்கோ.”

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

ஆனையிறவு தாண்டும் வரைக்கும் நான் அழுதுகொண்டே இருந்தேன். இவர்தான் மெல்லக் கேட்டார், “கொப்பர் உம்மை நீ, வா, போ எண்டுதானே கதைக்கிறவர்?”

“ஓம்.”

“அப்ப ‘இருங்கோ’ எண்டது...?”

அப்போதுதான் விளங்கியது. அந்த ‘ங்கோ’வுக்குள் இவரும் இருந்தார்.

போன மாதம் பிள்ளையோடு அந்தப் பக்கம் போனபோது அதே கெஸ்ற் ஹவுஸில் தங்கினோம். ஏசி போட்டிருக்கிறார்கள். கவுன்ரரில் இருந்த தம்பி ஐடென்ரிற்றி கார்ட்டை போட்டோ எடுத்துவிட்டு வைஃபை பாஸ்வேர்ட் தந்தார். எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும்.

கொழும்பில், வெள்ளவத்தையில் இப்போது பள்ளிக்கூட வான் பத்து நிமிடம் பிந்தினாலே நான் கேற்றடிக்குப் போய்விடுகிறேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன். வான்காரர் போனை எடுக்கவில்லை. பயத்தில் அப்பாவுக்கு எடுத்து, வான் இன்னும் வரவில்லை என்றேன். இத்தனை வருடமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

“அப்பா, அண்டைக்கு நான் வீட்டை வராமல் விட்டநேரம், நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“அதெல்லாம் மறந்துபோச்சு பிள்ளை” என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

வான் வந்து சேருவதற்குள் மூன்று தரம் திரும்ப எடுத்துவிட்டார். “பிள்ளை வந்திட்டாளோ?”